வலிப்பில்லாதவரின் குளிசை

என் கணவருக்குக் கடல் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அது அவருடைய தமையனின் குரல். தமையன், எங்களுக்குக் கலியாணம் நடப்பதற்கு முந்தியே வலைக்குப் போய்த் திரும்பாமல் விட்டவர். வள்ளம் மட்டும் பக்கத்துத் தீவில் ஒதுங்கியது. உடம்பு கிடைக்காதபடியால், இறந்தவர்களுக்கான பூசைக்கு அவருடைய பெயரைக் கொடுக்க அவர்களுடைய தாய், என் மாமி, இன்றுவரை சம்மதித்ததில்லை.

"வாடா, தனியப் பிடிக்க ஏலாமல் கிடக்கு" என்று அந்தக் குரல் கூப்பிடுமாம். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போவார். ஒரு மத்தியானம் கழுத்தளவு தண்ணீரில் நின்றவரை, நண்டு வலை எடுத்து வந்தவர்கள் தங்கள் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். குளிக்கப் போனாராக்கும் என்றார் மாமி. சேட்டோடும் மணிக்கூட்டோடும் யார் குளிப்பார்கள்?

காற்றுக் கொஞ்சம் திசை மாறினாலே யன்னலைச் சாத்துகிற ஆள் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். தெரியாதது எதுவென்றாலும் எனக்கு முதலில் பயமாகத்தான் வரும். ஆனாலும் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான்.

முதலில் தந்த குளிசையில் குரல் கொஞ்சம் தூரப் போனது, நிற்கவில்லை. சில நாட்களில் உடம்பெல்லாம் நெருப்புப் பிடித்தவர்போல் ஓயாமல் கதைப்பார், நடப்பார், ஒன்றுமில்லாததற்குக் கத்துவார். அடுத்த கிளினிக்கில் அந்த இளம் பெண் டொக்டர் இன்னொரு குளிசையைச் சேர்த்து எழுதினா.

"முந்தினதை நிப்பாட்டக்கூடாது. அதோட இதையும் குடுங்கோ. வலிப்புக்குக் குடுக்கிற மருந்து. இவருக்கு இந்தக் கொந்தளிப்பு அடங்கத் தாறம்."

"இவருக்கு வலிப்பில்லையே டொக்டர்."

"இல்லைத்தான் அம்மா. ஒரு மருந்து ஒரு வேலைதான் செய்யவேணுமெண்டு இல்லை. எல்லாருக்கும் உதவுமெண்டும் நான் சொல்லமாட்டன், குடுத்துப் பாப்பம். இடைக்கிடை இரத்தம் சோதிச்சு ஈரலைப் பாக்கவேணும். கை கொஞ்சம் நடுங்கலாம். பயப்படாதேங்கோ."

பயப்படாதேங்கோ என்று எனக்குச் சொன்னவர்களில் ஒருவரும், அதை எப்படிச் செய்வது என்று சொல்லித் தந்ததில்லை.

ஊர்காவற்றுறையிலிருந்து எழுவைதீவுக்குத் திரும்பும் லோஞ்சில் அலை அடித்தது. மடியில் இருந்த பை சரிந்து, குளிசை மட்டைகள் பலகையில் கொட்டுண்டன. முன்னால் இருந்த பெண் குனிந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கட சின்னவனுக்கும் இதுதான் தாறவை. அண்ணைக்கும் வலிப்போ?"

நான் வாய் திறக்கமுதல், எங்களோடு வந்திருந்த மாமி சொல்லிவிட்டார். "ஓம் பிள்ளை. வலிப்புத்தான்."

மாமியின் முகத்தில் அந்த நேரம் தெரிந்தது ஒரு ஆறுதல். வலிப்பு என்றால் உடம்புக்கு வந்த வருத்தம். புத்தி பேதலித்த விசர் என்றால் குடும்பத்துக்கே பேச்சு. வீட்டில் கலியாணம் பேசுகிற மகள் இருக்கிறாள். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, அதிலேயே வாழ்க்கைப்பட்ட மாமி, அந்த ஆறுதலில் ஒன்றை மறந்துபோனார். வலிப்புக்காரரை எங்கள் பக்கத்தில் வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள். வலை இழுக்கும்போது விழுந்தால், கயிறு அவரையும் கொண்டு போகும், பக்கத்தில் நிற்பவனையும் கொண்டு போகும்.

அவர் வேலை செய்த வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டி அடுத்தநாள் எங்கள் வேலிப் படலையடியில் வந்து நின்றார்.

"தம்பிக்கு வலிப்பாம். எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. ஆளை இனிக் கடலுக்கு அனுப்பாதை."

உள்ளே இருந்து கேட்ட என் கணவர் தாயிடம் போனார். "அம்மா, நான் எப்ப விழுந்தனான்?"

"விசரன் எண்டு சொல்லச் சொல்லுறியோ? உன்ர தங்கச்சியை ஆர் கட்டுவான்?"

அவர் தன் கைகளை விரித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "வலிப்பில்லாதவனுக்கு வலிப்புக் குளிசை என்னத்துக்கு? நீரே சொல்லும்."

டொக்டர் சொன்னதைச் சொன்னேன். என் வாயில் அது ஒரு பொய்ச்சாட்டுப் போலத்தான் கேட்டது. அன்றோடு இரண்டு குளிசைகளையும் விட்டார். கரைக்குப் போய், வலை சிக்கெடுப்பவர்களுக்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்பார். "பாருங்கோ, நடுங்குதோ?" அவர்கள் நண்டைக் கழற்றிக்கொண்டு, பார்க்காத மாதிரி இருப்பார்கள்.

கை அசையாமல் நின்றது. குரல் வீட்டுக்கு வந்தது.

"அண்ணை கிணத்தடிக்கு வந்திட்டார்" என்றார் ஒரு காலையில், மிகவும் அமைதியாக. அவர் கத்திய நாட்கள் பரவாயில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. அவர் தலையைச் சரிக்கும் பக்கம் நானும் தலையைச் சரித்துக் கேட்டேன். அலைதான் கேட்டது. அலைதானா என்று, இன்னும் கொஞ்சம் நின்று கேட்டபோது, எனக்கே நிச்சயமில்லாமல் போனது. இனி இவரைத் தண்ணீருக்குள் இருந்து ஏற்ற ஆட்கள் அந்த நேரம் அங்கே இல்லாமல் போகலாம். அந்த ஒரு நினைப்பு என்னைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனது.

"அண்ணை, அவருக்கு வலிப்பில்லை" என்றேன் சம்மாட்டியிடம்.

"பின்னை?"

சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். "விசர்."

வலைக்குள் கையை வைத்திருந்த ஒருவர் சிரித்துவிட்டார். "உதைச் சொல்லவோ இப்பிடி வேர்த்துக்கொண்டு வந்தனீ? சேட்டோட நிண்டவனைத் தூக்கினது நாங்களெல்லோ. எங்களுக்கென்ன கண்ணில்லையோ?"

"விசர் எங்களுக்குப் பழக்கம் பிள்ளை" என்றார் சம்மாட்டி, அந்தச் சிரித்தவரைக் காட்டி. "உவனைப் பிறந்த நாளில இருந்து வைச்சிருக்கிறம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவனுக்கு என்ன கேக்குது?"

"தமையன் கூப்பிடுறாராம். தனியப் பிடிக்க ஏலாமல் கிடக்கெண்டு."

ஒருவரும் சிரிக்கவில்லை. சம்மாட்டி கையில் இருந்த நண்டைப் பெட்டியில் போடாமல் வைத்துக்கொண்டே நின்றார். தமையன் போன அன்று, காற்றுச் சரியில்லை என்று கூடப் போகாமல் நின்றவர் அவர்தான்.

"முதலில குளிசையளை விழுங்கட்டும்" என்றார் கடைசியில். "டொக்டர் ஓமெண்டால் கரையோரம் என்னோட வரட்டும். ஆழத்துக்கு இல்லை."

கிளினிக்குக்குத் திரும்பப் போனோம். குளிசையை முதலில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். சம்மாட்டி ஒவ்வொரு காலையும் எங்கள் வீட்டு முன் ஒழுங்கையால் போகும்போது, தேத்தண்ணி குடிச்சாச்சோ என்று கேட்கிற மாதிரி, ஊர் கேட்கக் கத்துவார். "டேய், விழுங்கினியோ?" மாமி காதைப் பொத்திக்கொள்வார். என் கணவர், "ஓமண்ணை" என்பார்.

கொந்தளிப்பு முதலில் அடங்கியது. பிறகு குரல் கிணற்றடியை விட்டுப் போனது, கரையை விட்டுப் போனது. டொக்டர், ஆட்களோடு என்றால் போகலாம், தனியே கூடாது என்றா. இப்போது அவர் கரையோர நண்டு வலைக்குப் போகிறார். கை நடுங்குவதால் நண்டைக் கழற்ற நேரம் எடுக்கிறது. அவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஒருநாள் வந்து குசினி வாசலில் இருந்தார். "அண்ணை இப்ப கூப்பிடுறேல்லை."

"நல்லதுதானே."

"ஓம்." கடல் பக்கம் திரும்பிக் கேட்டார். "இப்ப ஆர் அவரோட பிடிக்கினம்?"

 குளிசையை அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். அது அங்கே கிடந்து நடுங்கியது. விழுங்கினார்.

அதற்குப் பிறகுதான் ஒரு பின்னேரம் அதைக் கண்டேன். மாமி மகனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்குக் கேட்காத மாதிரிக் கேட்டார்.

"இண்டைக்கும் அவன் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லையம்மா."

"சாப்பிட்டவனோ எண்டாவது?"

என் கணவர் இல்லையென்று தலையை ஆட்டினார். மாமி அப்படிக் கேட்டது அன்றைக்கு முதல்முறை இல்லை என்று எனக்கு விளங்கியது. இவருக்குக் கேட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம், மூத்த மகன் மாமிக்கு எங்கேயோ உயிரோடு இருந்திருக்கிறான்.

குளிசைகளை அன்று தொடக்கம் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறேன். பூட்டுத் திறப்பு என் இடுப்பில்தான் செருகிக் கிடக்கிறது. மாமி நல்லவர், என்னை ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. கோப்பையை நீட்டும்போதும், செபம் சொல்லி முழங்காலில் நிற்கும்போதும், அவருடைய கண் அந்தத் திறப்பில் வந்து நிற்கிறது. நான் சீலையை இழுத்து அதை மூடிக்கொள்கிறேன்.