பெரியநாயகியின் ஒட்டுப்பால் சாக்கு

மலாயாவில் செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரியநாயகிக்கு இரண்டு பெருமைகள். அவள் பாலுக்கு வெட்டினால் மரத்துப் பட்டை காயப்படாது. அவள் வாய்க்கு முன்னால் ஆள்களை மேய்க்கும் மண்டோரே நிற்கமாட்டார். மூன்றாவதாக ஒரு பெருமையும் உண்டு. வெளியே சொன்னால் ஜெயில்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, தொழிலாளிகள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, கேட்டில் ஆளைச் சோதித்துத்தான் வேலைக்கு விட்டார்கள். ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது. வெறும் வயிற்றோடு எவன் மரம் வெட்டுவான்? பெரியநாயகி பழைய சோற்றைப் பொட்டலம் கட்டி, மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பாலைச் சேர்க்கும் ஒட்டுப்பால் சாக்குக்குள் சுருட்டி வைத்துவிடுவாள். காலியாக இருந்தாலும் ஊரைக் கூட்டும் நாற்றம் அதற்கு. உள்ளே கைவிட, கேட்டில் சோதிக்கும் சார்ஜண்ட் பாலகிருஷ்ணனுக்குத் தெம்பில்லை. பத்து மணிக்கு ஓடைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, உப்பும் வெங்காயமும் போட்டால் இருபது பேருக்குக் கஞ்சி. அவள் முறை வரும்போது வாளி காலியாகியிருக்கும்.

ஒரு வாரம் அந்த இருபது பேருக்கும் வயிற்றால் போனது. அவளுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

மலாக்கா டவுனிலிருந்து அம்புரோஸ் என்ற பயிற்சி டாக்டர் நோட்டும் கையுமாகத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். மீசை சரியாக முளைக்காத பிள்ளை. அவருக்குக் காவலாக சார்ஜண்ட் துப்பாக்கியோடு பக்கத்திலேயே நின்றார். அதுதான் வினை.

“நேத்து என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணும் சாப்பிடலைங்க,” என்றார் முதல் கட்டிலில் கிடந்த நாகமுத்து.

“முந்தாநாள்?”

“விரதமுங்க.”

அடுத்த கட்டிலில் கிடந்த கந்தசாமிக்குப் பிறவியிலேயே பசி எடுக்காதாம்.

டாக்டர் பேனாவை மூடினார். “சாப்பிடாமலே இருபது பேருக்கு வயித்தால போவுமா லா?”

அவர்களைப் பார்க்க வந்திருந்த பெரியநாயகிக்குச் சிரிப்பு வந்தது. முத்தாயியைப் பார்த்ததும் அடங்கிப்போனது. பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிறவள், கண் குழிவிழுந்து நாக்கு வறண்டு கிடந்தாள். இவள் போய்விட்டால் கொன்றது நான்தான் என்று நினைத்தபோது ஜெயில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

“நான்தாங்க டாக்டரையா கஞ்சி குடுத்தேன்,” என்று சாக்கு, பொட்டலம், ஓடை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

சார்ஜண்ட் விலங்கை எடுத்தார்.

“பொறுங்க சார்ஜண்ட். அக்கா, அந்த ஓடையக் காட்டுங்க.”

மூன்று பேரும் ஓடையோரமாக மேலே ஏறினார்கள். கால் மைல் போனதும் டாக்டர் நின்றுவிட்டார். காவல்காரர்களுக்கென்று போன மாதம் சார்ஜண்டே நின்று கட்டவைத்த கக்கூஸ், ஓடைக்கு நேர் மேலே காற்றோட்டமாக நின்றது.

டாக்டர் நோட்டைத் திறந்தார். “கஞ்சிய எழுதினா இதையும் எழுதணும் சார்ஜண்ட். ரெண்டையும் எழுதவா?”

பாலகிருஷ்ணன் விலங்கைப் பைக்குள் போட்டார். சாயங்காலத்துக்குள் கக்கூஸ் இடிந்தது. ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்தார்கள் என்று மட்டும் டாக்டர் எழுதிக்கொண்டு போனார்.

முத்தாயி பிழைத்து வேலைக்கு வந்த அன்று, பெரியநாயகி சாக்கோடும் வாளி நிறையத் தண்ணீரோடும் கேட்டில் நின்றாள். சார்ஜண்ட் மூக்கைப் பிடித்துக்கொண்டு, சாக்கின் பக்கமே திரும்பாமல் வாளியை எட்டிப் பார்த்தார்.

“தண்ணி காய்ச்சினதுதானே அக்கா?”