சொத்தையில்லாத வெண்டைக்காய்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேதியியல் படித்துவிட்டு, குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்குக் காய்கறி அனுப்பும் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வரும் காயை நறுக்கி, அரைத்து, அதில் எவ்வளவு பூச்சிமருந்து மிச்சமிருக்கிறது என்று இயந்திரத்தில் பார்க்க வேண்டும். வாங்கும் நாடு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் லோடு திரும்பிவிடும். கொண்டுவந்த விவசாயியிடம் அதற்குப் பிறகு வாங்க மாட்டார்கள்.

கல்லாவிப் பக்கம் அப்பா வெண்டை போடுகிறார். சந்தையில் காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் வேறு விலை. கம்பெனியில் அந்த அலைச்சல் இல்லை. அதனால் அவரையும் சேர்த்துவிட்டேன். பறிப்பு நெருங்கினால் மருந்தைத் தொடக்கூடாது என்று கம்பெனி ஆட்கள் தோட்டத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பாவும் சரி சரி என்று தலையாட்டினார்.

முதல் லோடு வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு காயில்கூடப் புழு துளைத்த ஓட்டை இல்லை. குளிர் அறையில் அடுக்கிவிட்டு, நானே மாதிரி எடுத்து அரைத்தேன். மறுநாள் முடிவு வந்தது. வரம்பைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

மேனேஜர் பெங்களூர்க்காரர். அப்பாவைக் கூப்பிட்டனுப்பி, லோடு இறக்கும் இடத்தில் எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்தார்.

"வாங்க யஜமானரே. மருந்து எப்ப அடிச்சீங்க?"

"பறிக்கறதுக்கு மொத நாளு சாயங்காலம் சார்."

"அடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா இல்லியா?"

"சொன்னாங்க சார்." அப்பா என்னைக் காட்டினார். "எம் பையன் இங்க ஆபீசரா இருக்கறான். காயில புழு வுழுந்துடுச்சு. ஆபீசரோட அப்பன் சொத்தக் காயக் கொண்டாந்து கொட்டறான்னு நாளைக்கு நீங்களே பேசுவீங்க. அவனுக்குத்தானுங்க கேவலம்."

"ஆபீசராம்டா!" என்றான் டிரைவர் ஒருவன். பேக்கிங் பெண்கள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கழுவிவிடுவது எங்கள் வழக்கம். அவர் தோட்டத்தை மருந்தால் கழுவிவிட்டிருந்தார். எனக்காக.

"இத சாப்ட்டா கெடுதல் யஜமானரே. ரிப்போர்ட் சொல்லுது."

"கெடுதலா?" அப்பா கிரேட்டிலிருந்து ஒரு காயை எடுத்து வேட்டியில் துடைத்து, நறுக்கென்று கடித்தார். "பாருங்க சார். எனக்கு என்னா ஆச்சு?"

"இன்னொண்ணு சாப்பிடுங்க," என்றார் மேனேஜர்.

அப்பா இன்னொன்று தின்றார்.

"முத்தலா இருக்கப் போவுது. எளசா பாத்து எடுங்க."

இதற்குள் இரண்டு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். பச்சை வெண்டைக்காயின் கொழகொழப்பு உதட்டோரம் வழிய, அப்பா மென்றுகொண்டே இருந்தார். தான் ஜெயித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்தார்.

"போதும்பா," என்றேன்.

"விடுப்பா," என்றார் மேனேஜர். "உங்கப்பா டெஸ்ட் பண்றாரு. உன் மெஷின விட ஃபாஸ்டா இருக்காரு." சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இப்ப நீ எடுத்துச் சொல்லு. நீதான படிச்சவன்."

"லோடு ரிஜெக்ட் ஆயிடுச்சுப்பா. இனிமே உங்க காய எடுக்க மாட்டாங்க."

"எத்தினி நாளைக்கு?"

"எப்பவுமே."

அப்பா மெல்லுவதை நிறுத்தினார். "நீ சொன்னா கேக்க மாட்டாங்களாடா?"

"டெஸ்ட் பண்ணதே நான்தாம்பா."

கையிலிருந்த பாதிக் காயை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதே கிரேட்டுகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அன்றைக்கே கல்லாவிச் சந்தைக்குப் போனோம். நம் நாட்டிலும் வரம்பு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. தேர்வுக்கு நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் அந்தச் சந்தையில் ஒருவர் வந்து மாதிரி எடுத்து நான் பார்த்ததில்லை.

வழக்கமாக எங்கள் காயை எடுக்கும் பாய், கிரேட்டைத் திறந்ததும் சத்தம் போட்டார். "என்னாண்ணா இது! இத்தினி நாளா இந்தக் காயெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருந்த? மருந்துக்குக்கூட ஒரு சொத்த இல்ல!"

எனக்குப் பொறுக்கவில்லை. "பாய், இது கம்பெனியில திருப்பி அனுப்புன லோடு. மருந்து அதிகமா இருக்குது. யாரும் சாப்பிடக் கூடாது."

"தம்பி, இந்த மார்க்கெட்ல மருந்து அடிக்காத காய் ஒண்ணு காட்டு. நான் கடைய மூடிட்டுப் போயிடறேன்."

"வெள்ளக்காரனுக்கு வவுறு வேற, நமக்கு வவுறு வேறடா," என்றார் பக்கத்தில் தக்காளி இறக்கிக்கொண்டிருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

காய் முழுதும் நல்ல விலைக்குப் போனது. ஒரு பெண் தன் குழந்தைக்குப் பொரியல் செய்வதற்கென்று பிஞ்சாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடமும் சொன்னேன். நல்ல காயை வேறு யாருக்கோ ஒதுக்கிவைக்கத்தான் இப்படிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவசரமாகப் பையை நிரப்பினாள்.

அதற்குள் வெண்டை போட்டிருக்கும் நாலைந்து பேர் அப்பாவைச் சுற்றிக்கொண்டார்கள். "என்னா மருந்துண்ணா அடிச்ச? பேரு சொல்லு."

கம்பெனியை விட்டுக் கிளம்பியதிலிருந்து குனிந்தே இருந்த அப்பாவின் தலை நிமிர்ந்தது. மருந்தின் பெயரைச் சொன்னார். ஒருவர் கேட்கவில்லை என்றதும், எனக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"டேங்குக்கு ரெண்டு மூடி ஊத்து. மருந்துக் கடக்காரன் ஒண்ணு போதும்பான். அவன் பேச்சக் கேக்காத."