அசையாத பச்சை

சுனாமிக்குப் பிறகு கல்முனையில் அச்சகம் திறந்த இஸ்ஸதீன், தான் ஒரு பெரிய கொம்பன் என்று நினைத்திருந்ததை இப்போது அவரே சொல்லிச் சிரிப்பார். நோன்புக் கலண்டர்தான் அவருடைய வருடாந்தத் தலையிடி. எக்செலில் நேரங்களைத் திருத்தி, கலண்டரின் அச்சுப் பக்கத்தில் இணைத்திருந்த அட்டவணையைப் புதுப்பித்தால் போதும், ஜும்ஆத் தொழுகை நாளான வெள்ளிக்கிழமைகளுக்கு அவர் தீட்டிய பச்சை நிறம் பறந்துவிடும். யுத்தம் முடிந்த வருடம், நிறம் கலையாமல் புதுப்பிக்கும் வித்தையைக் கண்டுபிடித்துத் தெருவெல்லாம் பீற்றித் திரிந்தார்.

அந்த முறை எதிர்பார்த்த மாலையில் பிறை தென்படவில்லை. நோன்பு ஒரு நாள் தள்ளிப்போனது. எக்செலில் திகதிகளை மாற்றிப் புதுப்பித்தார். பச்சை அப்படியே நின்றது. பூரித்துப்போய், வாசித்துக்கூடப் பார்க்காமல் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தார்.

முதல் சனிக்கிழமை பகல், மனைவி ஸுஹைறா ஜுப்பாவை நீட்டினாள்.

“ஜும்ஆக்கு நேரமாகுது, போங்க.”

“நேத்துத்தானே போய் வந்தன்?”

“உங்கட கலண்டர்ல இண்டைக்குத்தானே பச்சை?”

சுவரைப் பார்த்தார். திகதிகள் எல்லாம் ஒரு வரி நகர்ந்திருந்தன. பச்சை மட்டும், அவர் பீற்றியபடியே, இம்மியும் அசையாமல் நின்றது.