பெரியப்பாவுக்கு ஒரு வருத்தம் தேடியது

நெல்லியடியில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். நான் ஆட்களோடு எரிந்து விழுகிறேன் என்று ஊரில் ஒரு கதை உண்டு. உண்மைதான். "சின்னன் வெள்ளைக் குளிசை, பிறசருக்கு" என்று கேட்டால் நான் என்ன செய்வது? கடையில் பாதிக் குளிசை சின்னன், பாதி வெள்ளை. வருத்தத்தின் பெயரையும் மருந்தின் பெயரையும் ஒழுங்காகச் சொல்லப் பழகுங்கள் என்று சத்தம் போடுவேன். அப்படிச் சத்தம் போடும்போதெல்லாம் பெரியப்பாவின் ஞாபகம் வரும். வருத்தங்களின் பெயரை அந்த மனிசன் அளவுக்கு அக்கறையாகப் படித்த இன்னொருவரை நான் கண்டதில்லை. அவருக்கு அப்போது ஒரு வருத்தமும் இருக்கவில்லை என்பதுதான் விசேஷம்.

பெரியப்பா இணுவிலில் வெங்காயம் வைப்பவர். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். ஆறடி உயரம், மாடு மாதிரி உடம்பு. தும்மினால் எங்கள் வீட்டுக் கோழி கலையும். பெரியம்மா கனடாவில் இருந்தார். மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ஆறு மாதம் என்று சொல்லிப் போனவர். பிள்ளை பிறந்து, அது தவழ்ந்து, நடந்து, இரண்டாவதும் பிறந்துவிட்டது. இரண்டு வருசமாகப் பெரியம்மா போனில், வைபரில் மட்டும்தான் இருந்தார்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. என் அக்கா தாதிப் படிப்புக்குப் போய் விடுதியில் இருந்தாள். முதல் வருசத்துக் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். தடித்த கொப்பி. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு நிற மட்டை. சமிபாட்டுத் தொகுதி பச்சை, குருதிச் சுற்றோட்டத் தொகுதி சிவப்பு, சுவாசத் தொகுதி நீலம், நரம்புத் தொகுதி மஞ்சள். ஒவ்வொன்றிலும் உறுப்புகளின் பெயர், வரக்கூடிய வருத்தங்களின் பெயர், எல்லாம் இங்கிலீசிலும் தமிழிலும். அதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தாள். தொடக்கூடாது என்று சொல்லாமல் விட்டிருந்தால் நான் அதைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டேன்.

ஒரு நாள் பெரியப்பா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, கொக்காவின்ரை வருத்தக் கொப்பி உன்னட்டையோ இருக்கு? எடுத்துக்கொண்டு வா. ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றார்.

வயதான காலத்தில் மனிசனுக்குப் படிப்பில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. பின்னேரத்தில் ஒரு தொகுதி படிப்பது, படித்து முடிந்தால் எனக்கு ஒரு மீன் றோல். இதுதான் ஒப்பந்தம்.

பச்சை மட்டையில் தொடங்கினோம்.

"கஸ்ரைற்றிஸ் பெரியப்பா. இரைப்பை அழற்சி."

"உது சரிவராது. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனை வைச்சிடுவா. அடுத்தது."

"ஜோண்டிஸ். செங்கண்மாரி."

"கீழ்க்காய்நெல்லியை அரைச்சுக் குடியுங்கோ எண்டுவா. அடுத்தது."

"ஹேர்னியா. குடலிறக்கம்."

அது எங்கே வரும் என்று கேட்டார். கொப்பியில் இருந்த படத்தைக் காட்டினேன். "சீ, பக்கத்தைத் திருப்பு. உதையெல்லாம் மருமோன் நிக்கேக்கை எப்பிடிச் சொல்லுறது?"

சிவப்பு மட்டையும் அவருக்குப் பிடிக்கவில்லை. பிறசர் பெரியம்மாவுக்கே இருந்தது. "அவ தன்ரைதான் பெரிசு எண்டு நிப்பா," என்றார். சீனி வருத்தம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு மிச்சமில்லாமல் இருந்தபடியால் அதற்கு மதிப்பில்லை. மாரடைப்பைக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "வேண்டாம். பயந்துபோய் அவவுக்கு ஏதும் வந்திடும். இல்லாட்டி மகள் என்னையும் அங்கை வரச்சொல்லி நிப்பாள். அந்தக் குளிருக்குள்ளை நான் என்னத்தை நடுறது?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. படிக்க வந்தவர் படிக்க வேண்டும். மரக்கறிச் சந்தையில் கத்தரிக்காய் அமத்திப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் அமத்திப் பார்த்துத் தூக்கிப் போட்டால் என்ன அர்த்தம்? ஆனாலும் றோல் ஒழுங்காக வந்தபடியால் தொடர்ந்து வாசித்தேன்.

கடைசியில் மஞ்சள் மட்டையில்தான் அவருடைய வருத்தம் அகப்பட்டது. வேர்ட்டிகோ. தலைச்சுற்று. அக்கா அதற்குக் கீழே, "நோயாளியைத் தனியே விடக்கூடாது" என்று எழுதிச் சிவப்புப் பேனையால் கோடும் போட்டிருந்தாள்.

"அதை இன்னொருக்கால் வாசி."

"நோயாளியைத் தனியே விடக்கூடாது."

"இதுதான் மோனை!" என்று தொடையில் அடித்தார். "சாகவும் மாட்டன், தனிய விடவும் ஏலாது. கிணத்தடியிலை சுத்தினால் ஆர் பிடிக்கிறது? இதின்ரை பேரை வடிவாச் சொல்லித்தா."

பேர் அவருடைய வாயில் ஏறவில்லை. அன்றைக்கே வைபரில் பெரியம்மாவை எடுத்து, முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "இஞ்சை பார், எனக்கு வெட்டிக்கோ," என்றார்.

"என்னத்தை வெட்டிப்போட்டியள்?" என்று பெரியம்மா கத்தினார். "வாழையையோ? நான் வைச்ச வாழையிலை கைவைச்சால் தெரியும்!"

நான் குறுக்கே விழுந்து பேரைத் திருத்தினேன். மகள் போனை வாங்கி, "அப்பா, சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ. டொக்டரிட்டைப் போய்த் துண்டு எடுத்து அனுப்புங்கோ. பேந்து பாப்பம்," என்றாள்.

டொக்டர் கைப்பட எழுதின துண்டு இல்லாமல் காரியம் நடக்காது. பெரியப்பாவுக்கு அன்று இரண்டு மூன்று தடவை உண்மையாகவே தலை சுற்றியிருக்கும்.

பக்கத்து ஆசுப்பத்திரிக்குத் தெற்கிலிருந்து ஒரு டொக்டர் புதிதாக வந்திருந்தார். சிங்களமும் இங்கிலீசும்தான். அங்கே தமிழில் மாற்றிச் சொல்ல ஒரு அம்மா இருந்தார், ஆனால் அவர் எங்கள் ஊர். "அவவுக்குத் தெரிஞ்சால் கோயில் லவுட்ஸ்பீக்கரிலை போட்ட மாதிரி," என்றார் பெரியப்பா. "நீ வா. நீதானே இங்கிலீசிலை எல்லா வருத்தமும் படிச்சனி."

படித்தேன்தான். ஆனால் கொப்பியில் இருந்தவை பெயர்கள். பெயரை வைத்துக்கொண்டு வசனம் பேச முடியாது. அதனால் முதல் நாளே அப்பாவின் தமிழ்-இங்கிலீசு அகராதியை எடுத்து, 'எனக்கு வருத்தம்' என்பதை இங்கிலீசில் எப்படிச் சொல்வது என்று பார்த்தேன். அகராதி சென்னையில் அச்சடித்தது. எங்கள் பக்கத்தில் வருத்தம் என்றால் நோய். மனம் நொந்தால் அதற்குப் பெயர் கவலை. கடல் தாண்டினால் வருத்தம் என்பதே கவலைதான். இதை அந்த அகராதியில் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. வருத்தம் என்ற சொல்லுக்கு நேரே 'சொரோ' என்று இருந்தது. சொரோ என்றால் துக்கம் என்பது எனக்குத் தெரியாது. நோய்க்கு இங்கிலீசில் அதுதான் பொதுப்பெயர் போலிருக்கிறது என்று பாடமாக்கிக்கொண்டேன். அந்த அகராதியை இன்றைக்கும் கண்டால் கிழிக்கலாம் என்று வரும்.

டொக்டர் மெலிந்த இளம் பெடியன். என்னைப் பார்த்துச் சிரித்து, என்ன பிரச்சினை என்று கேட்டார்.

"எனக்குப் பெரிய வருத்தம் எண்டு சொல்லு பிள்ளை."

கையைக் கட்டிக்கொண்டு, பேச்சுப்போட்டிக் குரலில் சொன்னேன். "மை அங்கிள் ஹாஸ் எ பிக் சொரோ."

டொக்டரின் பேனை நின்றுவிட்டது. பெரியப்பாவை வடிவாகப் பார்த்தார். பெரியப்பா வீட்டில் பழகிய நோயாளி முகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். எப்போதிருந்து என்று டொக்டர் மெல்லக் கேட்டார்.

"ரெண்டு வருசம். உன்ரை பெரியம்மா பிளேன் ஏறின நாள் தொடக்கம் எண்டு சொல்லு. நாளைச் சரியாச் சொன்னால்தான் நம்புவாங்கள்."

சொன்னேன். எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள்.

சாப்பிடுகிறாரா?

"இறங்குதில்லை. ஒரு ஆளுக்கெண்டு அரிசி போட்டால் அது சோறா வருகுதில்லை. ஒண்டில் குழையுது, இல்லாட்டி அடிப்பிடிக்குது."

நித்திரை?

"ரீவியைப் போட்டுவிட்டால்தான் கண் மூடும். வீட்டுக்குள்ளை ஆரும் கதைக்கிற சத்தம் வேணுமெல்லே."

இதெல்லாம் நாங்கள் பழகி வந்த கதை இல்லை. படுத்து எழும்பினால் சுற்றும், குனிந்தால் சுற்றும், கிணற்றடியில் சுற்றும் என்று மூன்று வசனம் சொல்லிக் கொடுத்திருந்தேன். மனிசன் அதை மறந்துபோய்ச் சோற்றுக் கதை கதைத்துக்கொண்டிருந்தார். கதிரைக்குப் பின்னால் அவருடைய முதுகில் நுள்ளி, "பெரியப்பா, வெட்டிக்கோ!" என்றேன்.

"ஓ, ஓம். வீடு சுத்துது எண்டு சொல்லு."

எனக்கு அந்த வசனம் இங்கிலீசில் பிடிபடவில்லை. இருந்த சொற்களைக் கூட்டி, அவர் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார் என்று சொன்னேன். டொக்டர் தலையை ஆட்டினார்.

பிறசர் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், கண்ணை விரித்துப் பார்த்தார். பிறகு ஒரு முழுப் பக்கக் கடிதம் எழுதினார். விற்றமின் குளிசை கொஞ்சம் தந்தார். எழும்பும்போது பெரியப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தார்.

அது பெரியப்பாவைக் கலக்கிவிட்டது. வீட்டுக்கு வரும்போது மோட்டச்சைக்கிளைச் சைக்கிள் வேகத்தில்தான் ஓடினார். "கையைப் பிடிச்சவரெல்லே பிள்ளை," என்று சந்திக்குச் சந்தி சொன்னார். "ஏதோ உள்ளுக்கை இருக்குது போலை. தப்பமாட்டன்." எனக்கும் பயமாகிவிட்டது. அன்று றோல் வாங்க அவருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் கேட்க மனம் வரவில்லை.

டொக்டரின் கையெழுத்தில் ஒரு சொல்லும் எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. படம் பிடித்து அப்படியே கனடாவுக்கு அனுப்பினோம்.

அந்தக் கையெழுத்து இப்போது எனக்கு விளங்கும். நாள் முழுக்க நான் வாசிப்பது அதைத்தானே. போன வருசம் பெரியம்மாவுக்குக் கிளினிக் கொப்பி தேடும்போது, அவருடைய கடவுச்சீட்டு வைக்கும் பையில் அந்தக் கடிதம் மடித்தபடி இருந்தது. அந்த முழுப் பக்கத்தின் சுருக்கம் இவ்வளவுதான்: இவருடைய உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனைவி போன நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆட்களின் குரல் கேட்காமல் நித்திரை வருவதில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. மனைவி வந்தால் நல்லது.

அப்போது இது எங்களுக்குத் தெரியாது. படம் போன பிறகு இரண்டு நாள் வைபர் சத்தமில்லை. மூன்றாம் நாள் மகள் எடுத்து, அம்மாவுக்கு ரிக்கற் போட்டாச்சு என்றாள். வெட்டிக்கோவைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

பெரியம்மா வந்தார். வந்தவுடன் நேரே குசினிக்குள் போய், "இஞ்சாருங்கோ, இது சோத்துப் பானையோ, றோட்டுப் போடுற தார்ப் பீப்பாவோ?" என்றார். பெரியப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம் ஆடிக் காட்டினார்.

"உந்தக் கூத்தை விட்டிட்டுத் தேங்காயைத் துருவுங்கோ."

எனக்கு விளங்கவேயில்லை. நோயாளியைப் பார்க்க வந்த ஆள் நோயாளியைத் தேங்காய் துருவ விடுகிறா. அவரும் திருவலையில் குந்திக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு துருவுகிறார். அன்று அவர் சாப்பிட்ட சோற்றை நான் எண்ணவில்லை. பானை அடி தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து அக்கா லீவில் வந்தாள். என் இங்கிலீசின் பெருமையைச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

"மொக்கு! சொரோ எண்டால் கவலையடி! நீ அந்த மனிசனுக்குப் பெரிய கவலை எண்டெல்லே சொல்லிப்போட்டு வந்திருக்கிறாய்!"

நான் பிழையாகச் சொன்னபடியால் டொக்டர் பிழையாக எழுதியிருக்கிறார். அதைப் பெரியம்மா கண்டுபிடித்தால் அடுத்த பிளேனில் திரும்பிப் போய்விடுவா. பிறகு ரீவியும் அடிப்பிடித்த பானையும்தான். கொப்பியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன்.

பெரியப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். இறைப்பு மெசின் அடித்துக்கொண்டிருந்தது. நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப, எனக்குக் கவலை எண்டோ டொக்டரிட்டைச் சொன்னனி?"

"ஓம் பெரியப்பா."

"சோத்துக் கதையும்?"

"ஓம்."

"ரீவிக் கதையும்?"

"ஓம். வீட்டைச் சுத்திச் சுத்தி நடக்கிறியள் எண்டும்."

"கொப்பெரியம்மா... அதைத்தானோ வாசிச்சவ?"

நான் தலையை ஆட்டினேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பாத்தி நிரம்பி, வரம்பு உடைந்து, தண்ணீர் ஒழுங்கைக்குப் போனது. ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாய்ப் போனால் ஊரைக் கூட்டுகிற மனிசன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். காதுச் சோணை இரண்டும் சிவந்திருந்தன. வீட்டுப் பக்கமிருந்து பெரியம்மா ஆரையோ ஏசுகிற சத்தம், மெசின் சத்தத்துக்கும் மேலால் கேட்டது.

"அவ ஒண்டும் சொல்லேல்லை பார்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை மோனை. கோதாரி, ஊரெல்லாம் சிரிக்கும்," என்றார்.

எனக்கு அழுகை வந்தது. என்னுடைய இங்கிலீசை நினைத்துத்தான் அந்த மனிசன் இவ்வளவு வெட்கப்படுகிறார் என்று நம்பினேன். வீட்டுக்கு வந்து கண்ணைத் துடைத்துவிட்டு, பச்சை மட்டையிலிருந்து எல்லா வருத்தங்களையும் மறுபடி பாடமாக்கத் தொடங்கினேன்.