வெள்ளிக்கிழமை மீன்

எண்பதுகளின் கடைசியில், மேற்கு லண்டனில் ஆற்றையொட்டி இருந்த ஒரு பழைய ஆண்கள் விடுதிப் பள்ளியின் சமையலறையில் எனக்கு வேலை கிடைத்தது. ஈஸ்ட் ஹாமிலிருந்து நகரத்தின் மறுபக்கம்வரை ரயிலில் போக வேண்டும். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. லத்தீன் பிரார்த்தனை முடியும்வரை ஒரு பையனும் கரண்டியைத் தொடமாட்டான். திங்களுக்கு ஒரு சாப்பாடு, செவ்வாய்க்கு இன்னொன்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் மீன். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கோ வெள்ளிக்கிழமை மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, ஆகாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அன்று மீன்சட்டியைக்கூட வெளியே எடுக்கமாட்டோம்.

தலைமைச் சமையல்காரி ஓர் ஐரிஷ் அம்மா. என் முதல் வெள்ளிக்கிழமை காலையில் வேலையாட்களுக்குப் பொரித்த பன்றியிறைச்சி வைத்தார்கள். நான் தேநீர் மட்டும் எடுத்தேன். அவரும் இறைச்சியைத் தொடவில்லை. என் கையில் தேநீர் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, கழுத்திலிருந்த சிலுவையைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தார். என்னையும் தன்னைப்போல வெள்ளியில் இறைச்சியை விலக்கி மீன் சாப்பிடும் கத்தோலிக்கன் என்று நினைத்துவிட்டார். மத்தியானம், இருந்ததிலேயே பெரிய மீன் துண்டை எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஆங்கிலமும் இல்லை, துணிவும் இல்லை. காகிதத்தில் சுற்றி, கோட்டுக்குள் வைத்து அறைக்குக் கொண்டுபோனேன். கிழமைக்குக் கிழமை இதே கதைதான். அறையில் கூட இருந்த அண்ணை அதைச் சூடாக்கிச் சாப்பிட்டார்.

"அந்த மனிசியிட்டைச் சொல்லிப்போடாதை. எனக்கு வெள்ளிக்கிழமை எல்லாம் ஊரோடை முடிஞ்சுது."

"பிடிபட்டால் வேலை போயிடும், அண்ணை."

"அதுக்கு முன்னம் ஒருக்கா எலுமிச்சம்பழமும் கேட்டு வாங்கி வாவன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலறைச் சாப்பாட்டை வெளியே கொண்டுபோனால் அன்றே நிறுத்திவிடுவார்கள். எனக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் அப்படித்தான் போனார். ஊரில் அம்மாவும் தங்கைகளும் என் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் மீனைச் சுற்றுவதை அந்த ஐரிஷ் அம்மா கண்டுவிட்டார். கிட்ட வந்து கதவைச் சாத்தினார். வீட்டில் பிள்ளை பட்டினியாக இருக்கிறதா, அதற்கும் சேர்த்துத் தரட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். அந்த இரக்கத்துக்கு முன்னால் பேசாமல் நிற்க முடியவில்லை. பிள்ளை இல்லை, நான் இந்து, வெள்ளிக்கிழமை எங்களுக்கு மீனும் இல்லை என்று, தெரிந்த சொற்களைப் போட்டுச் சொன்னேன்.

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "உனக்கென்று பெரிய துண்டாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தேனே," என்று சொல்லி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு எழும்பிப் போய் ஒரு முட்டை கொண்டுவந்தார். அதற்கும் நான் வேண்டாமென்று தலையாட்டினேன்.

"கடவுளே, அப்ப என்னதான் சாப்பிடுவாய்?"

நடந்ததை அவர் மேலே யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளி, உருளைக்கிழங்கு, வெங்காயம், சீஸ் எல்லாம் சேர்த்து எனக்கென்று ஒரு சின்னத் தட்டில் சுட்டு வைத்திருந்தார். வாசனை பிடித்து, மீன் பிடிக்காத சில பையன்கள் தங்களுக்கும் கேட்டார்கள். தட்டு வரவரப் பெரிதாகியது. அண்ணைதான் சில நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்த அம்மா ஓய்வு பெற்றுப் போன பிறகும் வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தட்டு மேசைக்கு வந்தது. தொண்ணூறுகளில் ஒருநாள், பள்ளியைப் பார்க்க வந்த பெற்றோருக்கு ஒரு பெரிய வகுப்புப் பையன் அதைக் காட்டி, இது பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்திலிருந்தே உள்ள வழக்கம் என்றான். நான் அவர்களுக்கும் ஒரு கரண்டி அள்ளி வைத்தேன்.