ஈரமில்லாத சொல்

டென்மார்க்கின் சில்க்போர்க் நகர முதியோர் இல்லமொன்றில் ராசமலர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது கிழமை அது நடந்தது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் கோழித் தொழிற்சாலை. இயந்திர இரைச்சலில் அங்கே யாரும் கதைப்பதில்லை. கை கழுவுமிடத்தில் ஒட்டியிருந்த தாளிலிருந்துதான் 'தோர்' என்ற டேனிஷ் சொல்லைப் பொறுக்கிக்கொண்டாள். துடை என்பதற்கும் அதுதான், காய்ந்தது என்பதற்கும் அதுதான்.

அன்று காலை, எண்பத்தாறு வயது இங்கரைக் குளியலறைக்குக் கூட்டிப்போகக் கட்டிலருகே நின்றாள். கிழவி 'தோர்' என்றும் 'இல்லை' என்றும் சேர்த்து முனகினாள். படுக்கை நனைந்துவிட்டதாக்கும் என்று ராசமலர் விரிப்பைத் தடவினாள். ஈரமேயில்லை. காய்ந்துதானே இருக்கிறீர்கள் என்று சொல்வதாக நினைத்து, நீ என்பதற்கான 'டூ'வைச் சேர்த்து "டூ தோர்" என்று முதுகில் தட்டினாள். இங்கர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுந்தாள். நான்காவது அடியில் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

கால் வழுக்கியது என்று ராசமலர் அறிக்கை எழுதினாள். தலையில் அடிபடாமல் பிடித்ததற்கு மேலாளர் பாராட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கஜந்தி, கார் ஓட்டும் சோதனையைத் தள்ளிப்போட்டதாகச் சொன்னாள். ஏனென்று கேட்டால் டேனிஷில் பதில்: "யாய் தோர் இக்க."

"என்ன காயேல்லை?"

"ஐயோ அம்மா. தோர் எண்டா துணிவும்தான். எனக்குத் துணிவில்லை எண்டு சொன்னனான்."

இங்கர் அன்று முனகியதும் அதேதான் என்று ராசமலருக்கு விளங்கியது.

குடும்ப வட்ஸ்அப்பில், உங்கள் நாடுகளில் அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று காரணம் சொல்லாமல் விசாரித்தாள். ஜேர்மனியில் 'டார்ஃப் நிக்ட்' என்றால் அனுமதியில்லை என்றாள் அக்கா. ஒல்லாந்தில் 'டுர்ஃப் நீட்' என்றால் துணிவில்லை என்றான் தம்பி தவராஜா. ஜேர்மன்காரர் எல்லாத்துக்கும் அனுமதி கேட்கிற ஆக்கள் என்று நக்கலும் அடித்தான். சுவீடன் மச்சாள் காய்ந்ததற்குத் 'தொர்', துணிவுக்குத் 'தோர்ஸ்' என்றாள். இரண்டுக்கும் இரண்டு சொல். இங்கர் அங்கே பிறந்திருந்தால் விழுந்திருக்கமாட்டாள் என்று ராசமலர் நினைத்தாள்.

நாலு நாள் இங்கரின் அறைக்குக் கூட வேலைசெய்பவர்களைக் கேட்டு அனுப்பினாள். வேலையில் தகுதிகாண் காலம் முடியவில்லை. உண்மை தெரிந்தால் வேலை போகலாம். ஐந்தாம் நாள், 'தோர்' என்பதற்குக் கஜந்தியிடம் கேட்டுப் பாடமாக்கிய இறந்தகாலத்தோடு போனாள். யாய் தூர்தெ இக்க. வந்து சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு ஈரம் தடவிய கதையையும் சொன்னாள்.

இங்கர் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். காய்ந்திருக்கிறாய் என்பதற்கு நடுவில் 'ஏர்' வரவேண்டும், டூ ஏர் தோர். நீ அதை விட்டுவிட்டாய். உனக்குத் துணிவிருக்கு என்றாய். அதை நம்பித்தான் எழுந்தேன் என்றாள்.

இங்கரின் பயத்தைக் கேளாமல் விட்டதற்குத்தான் ராசமலர் மன்னிப்பு எடுத்து வந்திருந்தாள். நம்பவைத்ததற்குக் கேட்க அவளிடம் மன்னிப்பு எதுவும் இருக்கவில்லை.

நேரே போய் அறிக்கையைத் திறந்தாள். இங்கர் பயமாயிருக்கிறது என்றார், நான் எழுப்பினேன் என்று எழுதினாள். மேலாளருக்கு அனுப்புமுன், 'ஏர்' எங்காவது விடுபட்டிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தாள்.