அறையில் கழிந்த ஐந்து மணி நேரம்

எவர்லிதெஸ் பெர்துஸும் நானும் பர்ரன்கியா நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பதினெட்டு வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். கணினியில் பாடத்தை எப்படி அமைத்தால் பிள்ளைகள் மண்டையில் ஏறும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. மரவள்ளிக்கிழங்கைப் பிட்டு வாயில் போடும்போதுகூட ஏதாவதொரு பாடத்தை ஏழு படியாகப் பிரித்துக்கொண்டிருப்பாள்.

அவள் அமைத்த பின்னக் கணக்குப் பாடங்களை மக்தலேனா ஆற்றங்கரைப் பள்ளி ஒன்றில் சோதித்தார்கள். இருபது கணினிகளும், அவை சூடாகாமலிருக்க ஒரு ஏசியும் படகில் போயின. ஒரே வருஷத்தில் மதிப்பெண் ஏறியது. மட்டம் போடுவதும் நின்றது. அவள் கட்டுரையை மூன்று நாட்டுக்காரர்கள் மேற்கோள் காட்டினார்கள். பேராசிரியர் பதவி கிடைத்தது. கல்வி அமைச்சகம் அதே திட்டத்தை நாற்பது பள்ளிகளுக்கு அனுப்பியது; சிக்கனத்துக்காக ஏசியை மட்டும் வெட்டிவிட்டது.

இத்தனைக்கும் எவர்லிதெஸ் அந்தப் பள்ளியைப் பார்த்ததே இல்லை. அவள் அனுப்பிய கேள்விப் படிவங்களைப் பள்ளி நிரப்பித் தந்ததே போதுமாயிருந்தது. பாராட்டுப் பத்திரம் கொடுக்கத்தான் முதல்முறை போனாள். நானும் கூடப் போனேன்.

கணக்கு டீச்சர் நுரிஸ் எங்களைக் கணினி அறைக்கு அழைத்துப்போனார். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில், உள்ளே ஜில்லென்றிருந்தது. கணினிகள் சுவரோரம் உறை போட்டபடி கிடந்தன. பிள்ளைகள் நோட்டில் பென்சிலால் பின்னம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கணினிகளை எப்போது போடுவீர்கள் என்று எவர்லிதெஸ் கேட்டாள்.

"ரெண்டையும் சேத்துப் போட்டா ஃபியூஸ் போயிடுது மேடம். ஏசி போதும்னு விட்டுட்டோம். இந்தக் குளிருக்காகவே லீவு போடாம வருதுங்க."

"தினம் அஞ்சு மணி நேரம்னு எழுதியிருந்தீங்களே?"

"கம்ப்யூட்டர் ரூம்ல எத்தனை மணி நேரம்னுதானே கேட்டிருந்தீங்க? இங்கேதான் இருந்தோம்."

அந்தக் கேள்வியை எழுதியவள் எவர்லிதெஸ்.

நடந்ததை ஒளிக்காமல் அவளே இன்னொரு கட்டுரை எழுதினாள். எங்கள் துறைத் தலைவர், "நீ பொய் சொல்லலையே, படிவம்தானே தப்பு, விடு" என்றார். அவள் விடவில்லை. ஏசி கல்வித் தொழில்நுட்பத்தில் சேராது என்று ஓர் ஆய்விதழ் திருப்பியனுப்பியது. கடைசியில் எங்கோ ஒரு சின்ன இதழில் வந்தது. நானறிய அதைப் படித்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி அவள்.

அந்த நாற்பது பள்ளிகளிலும் மதிப்பெண் அசையவில்லை. ஏனென்று கண்டுபிடிக்க அமைச்சகம் ஒரு குழு போட்டது. முதல் கட்டுரையின் புகழை உத்தேசித்து அவளையே தலைவியாக்கியது. அவளும் மறுக்கவில்லை. இப்போது படிவம் எதுவும் அனுப்புவதில்லை. நேரிலேயே போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள். பதினொரு பள்ளி முடிந்திருக்கிறது.